நடுவில் ஒரு வலை

"இதென்ன ஓரவஞ்சனை?" என்று அத்தைக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. வந்ததும் வராததுமாகச் சண்டை வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டாள்.

தையல் அறையின் மூலையில் நீளமாக ஒரு மரப்பெட்டி. அதன் நடுவில் கம்பிவலைத் தட்டி. இந்தப் பக்கம் ஓரளவு வளர்ந்த வாத்துக்குஞ்சுகள், வெறும் வைக்கோல்மேல் நின்றன. அந்தப் பக்கம் பஞ்சு உருண்டை மாதிரி நாலு பொடிசுகள். அதுகளுக்கு மட்டும் மேலே சூடு பல்பு, கீழே மெத்தென்று வெட்டுத் துணி.

வளர்ந்தவை பெரியவளுடைய குஞ்சுகள், பொடிசுகள் சின்னவளுடையவை. இதைக் கேட்டா தெரிந்துகொள்ள வேண்டும்? பெரியவள், தம்பியின் மூத்த தாரத்துப் பெண். சின்னவள், புதிதாக வந்தவள் கையோடு கூட்டி வந்த பெண்.

தாயை இழந்த பெரியவளை இரண்டு வருஷம் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவள் அத்தைதான். பள்ளிக்கூடத்தில் அவள் வாங்கிய பரிசையெல்லாம் "என் வளர்ப்பு" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லித் தீர்த்தவள். தம்பி மறுகல்யாணம் செய்து பெண்ணை அழைத்துப் போனதிலிருந்து, அவளுக்கு ஒரு கண் இந்த வீட்டின் மேலேயே இருந்தது. ஏதாவது சரியில்லை என்று பட்டால் பிள்ளையைக் கையோடு கூட்டிப் போய்விடுவது என்ற முடிவோடுதான் வந்திருக்கிறாள்.

"ஏம்மா, சூடெல்லாம் ஒரு பக்கத்துக்குத்தானா?" என்று ஆழம் பார்த்தாள்.

தம்பி மனைவி தையல் மிஷினை நிறுத்தினாள். "பெரிசுகளுக்கு இறகு முளைச்சாச்சு அண்ணி, சூடு தேவையில்ல. ஒண்ணா விட்டா சின்னதுகளை ஏறி மிதிச்சுடும். ரெண்டும் ஒரே அளவு ஆகுற வரைக்கும் வலை இருக்கட்டும்."

"ஓஹோ!" காரணத்துக்கா பஞ்சம் என்று நினைத்துக்கொண்டாள் அத்தை.

தம்பி மனைவி டீ போடப் போன நேரம் பார்த்து, அத்தை கொக்கியைக் கழற்றித் தட்டியை உருவினாள்.

"போங்கடா ராஜாக்களா! நீங்களும் கொஞ்சம் குளிர் காயுங்க."

நியாயத்தை நிலைநாட்டிய திருப்தியோடு கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். டீயும் வந்தது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சொல்லவில்லை.

டம்ளரைக் கீழே வைப்பதற்குள் உள்ளே கீச்சுக் கீச்சென்று ஒரே கூச்சல். அப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்கள் இருவரும் பையை வீசிவிட்டு ஓடினார்கள். அத்தையும் பின்னாலேயே ஓடினாள்.

பெரிசுகள் தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுப் பொடிசுகளின் மேலேயே ஏறி நின்றன. நாலும் தொப்பலாக நனைந்து வெடவெடவென்று நடுங்கின. ஒன்று கழுத்தைத் தொங்கப் போட்டுவிட்டது.

"அம்மா! என் குஞ்சு! என் குஞ்சு செத்துடும்மா!" என்று அலறினாள் பெரியவள்.

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் குஞ்சா?

தம்பி மனைவி பறந்து வந்தாள். கைக்குக் கிடைத்த புதுத் துணியால் பொடிசுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, பல்பின் கீழே பிடித்தாள். சின்னவள் தன்னுடைய பெரிசுகளை வாரி அந்தப் பக்கம் விட்டாள். கடைசியில், தொங்கிய கழுத்து நிமிர்ந்து ஒரு கீச்சு விட்டது. அத்தைக்கு அப்புறம்தான் மூச்சு வந்தது.

"பெரிசெல்லாம் உன்னுது இல்லையாடி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அது தங்கச்சியோடது அத்தை. நான் லீவுக்கு உங்க வீட்ல இருந்தப்ப வாங்கினது. நான் திரும்பி வந்து ஒண்ணுமே கேக்கல. சும்மா பார்த்துட்டுதான் இருந்தேன். மறுநாளே அம்மா அலைஞ்சு திரிஞ்சு எனக்கு நாலு கொண்டு வந்தாங்க. அதான் இதுங்க பொடிசு."

அத்தைக்குக் காது மடல் சுட்டது.

"ஆமா, யாரு வலையை எடுத்தது?" என்று கேட்டாள் பெரியவள்.

அத்தை வாயைத் திறப்பதற்குள், "நான்தான்டி" என்றாள் தம்பி மனைவி. "பெட்டியைச் சுத்தம் பண்ண எடுத்தேன். திரும்ப மாட்ட மறந்துட்டேன்."

"உனக்கு எத்தனை தடவைம்மா சொல்றது? கொஞ்சமாவது பொறுப்பு வேணாம்?"

பெற்றவளைத் திட்டுகிற உரிமையோடு பெரியவள் திட்ட, தம்பி மனைவி மறுபேச்சில்லாமல் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பயந்து வளர்கிற பிள்ளை இப்படி வாயாடாது. அத்தைக்கு வெட்கத்துக்கு நடுவிலும் மனசு நிறைந்துபோனது.

சாயங்காலம் தம்பி வந்தான். "என்னக்கா, பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுவேன்னு போன்ல குதிச்சியே?"

"அவ அம்மாவை விட்டுட்டு அவ எங்கேடா வருவா?" என்றாள் அத்தை, என்னமோ தானே பார்த்துப் பார்த்துத் தம்பிக்குக் கட்டிவைத்த மாதிரிப் பெருமையாக.

மறுநாள் கிளம்பும்போது பெரியவள் தெருமுனை வரைக்கும் கூட வந்தாள். அத்தைக்கு அதற்குமேல் மனசு கேட்கவில்லை.

"பாவம்டி உங்கம்மா, அநியாயமா திட்டு வாங்கினா. வலையை எடுத்தது நான்."

"தெரியும் அத்தை. அம்மா ஒரு நாளும் கொக்கி மாட்ட மறந்ததே இல்ல."

"தெரிஞ்சுமா அந்தத் திட்டு திட்டினே?"

"பின்ன? உங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னு அம்மா கண்ணைக் காட்டினாங்களே!"