கூடுதலாக ஒரு வாக்கியம்

“குட் மார்னிங்” என்று சொல்லிவிட்டாள். இன்னும் முந்நூற்றுப் பன்னிரண்டு வார்த்தைகள் பாக்கி.

ஆங்கிலப் பேச்சுத் தேர்வு நடக்கும் அறை அது. கதவைத் திறந்துகொண்டு வந்து எதிரில் உட்கார்ந்த கோட்டுக்காரர் மருந்துக்குக்கூடச் சிரிக்கவில்லை. அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி, மேசைமேல் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

ஒரு சொல் பிசகினாலும் வேலை கிடையாது என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். கணவனுக்கு வேலை போய் நாலு மாதம் ஆகிறது. இதையும் விட்டால் வேறு கதியில்லை.

சிக்கல் என்னவென்றால், வீட்டில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். முகவரி கேட்டு வந்தவருக்கு முழங்கால் வலிக்கு மருந்தும் சொல்லி அனுப்புகிற வாய் அது.

இதே தேர்வில் போன வருடம் தேறியவள் நாத்தனார். “டெம்ப்ளேட் போதும் அண்ணி. சட்டத்தை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, படத்தை அங்க போய் மாட்டிக்கலாம்” என்றாள்.

கணவன் ஒத்துக்கொள்ளவில்லை. “உன் வாயில சட்டத்தைக் குடுத்தா நீ வீட்டையே கட்டிடுவ. புத்தகத்துல இருக்கறதை அப்படியே ஒப்பிச்சிடு.”

ஒரு மாதம் நெட்டுருப் போட்டாள். அவன் சமையலறையில் காய் நறுக்கியபடி எதிராளியாக நடித்தான். அவன் என்ன உளறினாலும் காதில் வாங்காமல் அவள் அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும். ஒருநாள் பால் பொங்கி வழிந்தபோது, வரியை முடித்த பிறகே அடுப்பை அணைத்தாள். அன்றுதான் அவனுக்கு நம்பிக்கை வந்தது.

இப்போதும் கோட்டுக்காரர் வாயைத் திறந்து மூடுவது மட்டுமே தெரிந்தது. அவர் நிறுத்தியதும் அடுத்த வரியை எடுத்துவிட்டாள். எல்லாம் தண்ணீர் பட்ட பாடாக வந்தது.

ஒரே ஒரு பக்கம் மீதி இருக்கும்போது அவருக்கு விக்கல் எடுத்தது.

சாதாரண விக்கல் இல்லை, ஆளை நாற்காலியோடு தூக்கிப் போட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வரியைச் சொன்னாள். அவர் விக்கினார். அதற்கடுத்த வரியையும் சொன்னாள். அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“கொஞ்சம் தண்ணி குடிங்க” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள்.

அவர் குடித்தார், விக்கல் நின்றது. அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. அந்த வரி புத்தகத்தில் இல்லை.

எப்படியோ மீதியை ஒப்பித்து முடித்துவிட்டு வெளியே வந்தவளைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார்கள். அதுவரை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த அதிகாரியம்மா ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

“நடுவுல ஒரு வாக்கியம் சொந்தமா பேசியிருக்கீங்க.”

“விக்கிட்டிருந்தார் மேடம். மனுஷனுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துட்டேன்.”

“புத்தகத்துல விக்கல் இருக்கா?”

“இல்லைங்க.”

மற்றதெல்லாம் எழுத்துப் பிசகாமல் சொன்னதை எடுத்துச் சொன்னாள். கணவனின் நிலைமையையும் சொல்லி, கெஞ்சாத குறையாகக் கேட்டுப் பார்த்தாள். அதிகாரியம்மா நல்ல மனுஷி. கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

“பரீட்சைக்கு வந்து விக்கினவர் எல்லாத்தையும் மனப்பாடமா ஒப்பிச்சார், அவருக்குப் பூஜ்யம். பரீட்சை வைக்கிற நீங்க ஒப்பிக்கல, உங்களுக்கு வேலை இல்ல.”