நூற்றுப் பத்து சாட்சிகள்

"சோதனை ஒண்ணுன்னு வந்தா நல்லதுதானே? முழு மார்க் மாதிரி" என்றார் ஜன்னல்காரர்.

"அதான் சார் பயமா இருக்கு" என்றாள் அவள்.

அவருடைய பிரிவில் சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள். ஒரு வாரமாக அவளுடைய அறையில், ஜன்னலோர மேசையில் ஒண்டியிருந்தார். அங்கிருந்து பார்த்தால் அவள் கணினியின் முதுகு மட்டும்தான் தெரியும். "அடுத்த வாரம் எனக்கு ஒரு சேதி வரணும். வந்தா இந்த மாடிக்கே ஐஸ்கிரீம்" என்று வந்த அன்றே அறிவித்துவிட்டார்.

வெளியே மரத்திலிருந்து பஞ்சு வெடித்துப் பறந்துகொண்டிருந்தது. மதிய வெயிலில் ஒவ்வொரு துணுக்கும் எங்கே போவதென்று தெரியாமல், நின்று நின்று நகர்ந்தது.

அவள் திரையில் ஒரு கட்டுரை. நாற்பது பேக்கரிகள், பன்னிரண்டு வருட விவரம். வேலையாட்களுக்குப் பயிற்சி கொடுத்தால் அடுத்த வருடம் விற்பனை கூடுமா? கூடும் என்றது கட்டுரை. எழுதியவரின் பெயரை மறைத்து, ஓர் ஆய்விதழ் அவளிடம் கருத்துக் கேட்டிருந்தது. எதைப் பற்றிய கட்டுரை என்று வெளியே மூச்சுவிடக் கூடாது. அவளுக்கு இதுதான் முதல் முறை.

"எது கோழி, எது முட்டைன்னு பிரிக்க முடியாத விஷயம் சார். அதனால பழைய வருஷங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"புள்ளியியல்ல கருவி மாறிகள்னு சொல்வோமே, அதானே? நானும் கூப்பிட்டிருக்கேன்."

"இதுல எத்தனை பேர் தெரியுமா? நூத்திப்பத்து."

அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பை வாய்க்கருகே போய் நின்றது.

"ஆள் ஜாஸ்தின்னா பலம்தானே?" என்றார்.

"இல்ல சார். சாட்சிங்களை நம்பலாமான்னு பாக்கத்தான் அந்தச் சோதனை. கூட்டம் அதிகமானா அதுக்குக் கண்ணு கட்டிடும். எல்லாரும் நல்லவங்கதான்னு விட்டுடும். ஒண்ணுன்னா, யாரையும் விசாரிக்கவே இல்லைன்னு அர்த்தம்."

சொல்லும்போதே அவளுக்கு அது தெரிந்தது. நீண்ட கூடம். நூற்றுப் பத்துப் பேர், ஒரே முகத்தோடு, வரிசையாக வந்து தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். நீதிபதி மேசையில் கன்னம் வைத்துத் தூங்குகிறார். அவர் தலைமுடியில் பஞ்சு இறங்குகிறது.

"நாப்பது பேக்கரிக்கு நூத்திப்பத்து சாட்சி" என்று ஜன்னல்காரர் மெல்லச் சிரித்தார். "ரொட்டியைவிட ஈ ஜாஸ்தி."

அவளும் சிரித்துவிட்டாள்.

"இப்ப என்ன பண்ணணும்?" என்றார்.

"ரொம்பப் பழைய வருஷங்களை வீட்டுக்கு அனுப்பிடலாம். மிச்சம் இருக்கறவங்களை, வருஷத்துக்கு ஒருத்தரா நிறுத்தாம, எல்லா வருஷத்துக்கும் பொதுவா ஒருத்தர்னு மடிச்சிடலாம்."

"மடிங்க, பாப்போம்."

தரவுகளையும் இதழ்காரர்கள் அனுப்பியிருந்தார்கள். அவள் மடித்தாள். நூற்றுப் பத்து, எட்டானது. தூங்கிய சோதனை கண்விழித்தது. ஒன்று என்று சொன்ன அதே வாய் இப்போது 0.02 என்றது. இந்தச் சாட்சிகளை நம்ப முடியாது. கட்டுரை கண்டுபிடித்த பயனும் இருந்த இடம் தெரியாமல் கரைந்திருந்தது.

"போச்சா?"

"போச்சு சார்."

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "கண்டுக்காம சரின்னு போட்டுடவா? யாரோ, பாவம். எத்தனை வருஷ உழைப்போ. இதை நம்பி, வேலை நிரந்தரமாகும்னு உக்காந்திருந்தா?"

ஜன்னல்காரர் வெளியே பார்த்தார். ஒரு பஞ்சு கண்ணாடியில் ஒட்டி, யோசித்து, விலகிப் போகும் வரை பார்த்தார்.

"உக்காந்திருக்கலாம்" என்றார். "ஆனா தப்பு தப்புதானேங்க. நாளைக்கு யாராவது சபையில எழுந்து கேட்டா, அந்த ஆள் மூஞ்சிய எங்க வச்சுக்குவான்? நீங்கன்னா நோகாம சொல்வீங்க. எப்படி மடிக்கிறதுன்னும் சேத்து எழுதுங்க. கத்துக்கட்டும்."

அவள் எழுதினாள். 'இப்போதைய வடிவில் ஏற்க இயலாது' என்ற வரியை மட்டும் நான்கு முறை அடித்து மாற்றினாள். நான்கு முறையும் அது அதையேதான் சொன்னது. அனுப்பிவிட்டாள்.

ஜன்னல்காரர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பையைத் தோளில் மாட்டினார்.

"ஐஸ்கிரீம் கொஞ்சம் தள்ளிப்போகும்போல இருக்கு மேடம்."

"ஏன் சார், சேதி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு" என்று புன்னகைத்து, கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு போனார்.

காலி நாற்காலியில் ஒரு பஞ்சு வந்து உட்கார்ந்தது. அவர் சொன்ன ஈ ஜோக் மறுபடி நினைவுக்கு வர, அவள் தனக்குள் சிரித்தாள்.

பாதியில் சிரிப்பு நின்றது. பேக்கரி என்ற வார்த்தையை அவள் அவரிடம் சொல்லவே இல்லை.