கண்ணாடி ஃபேக்டரி மாப்பிள்ளை

"அணு உலைக் கழிவுத் தண்ணியை அளையற பொண்ணா? இந்தக் கையாலயா எங்காத்துப் பெருமாளுக்குத் தளிகை பண்ணுவா?" மகனுக்குப் பெண் பார்க்க ஸ்ரீரங்கம் வந்த கோதைநாயகி, கூடத்தில் உட்கார்ந்ததும் பொரிந்து தள்ளினாள்.

"அளையலை மாமி. அந்தத் தண்ணியில ரசாயனம் சேர்த்து, விஷத்தைத் தனியாப் பிரிக்கறோம்," என்றாள் கமலினி.

"விஷம்னு நீயே சொல்றியே! நாளைக்கு எங்க வம்சம் விளங்க வேண்டாமா? எம்பிள்ளையைப் பாரு. கண்ணாடி உருக்கற ஃபேக்டரி. பளிச்சுன்னு வேலை!"

கமலினி மாப்பிள்ளை அபிராமைப் பார்த்தாள். அவன் காபி டம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தக் கண்ணாடியில என்ன கலக்கறார்னு கேட்டேளா மாமி? நான் பிரிச்சுக் கொடுக்கற விஷத்தைத்தான்! அது எங்கேயும் கசியாம இருக்க, கண்ணாடியோட சேர்த்து உருக்கி உறைய வைக்கறார். ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ், ஒரே பஸ். இவருக்காவது என் வேலை புரியும்னுதான் உங்களை வரச் சொன்னேன்."

கோதைநாயகி மகன் பக்கம் திரும்பினாள். "நிஜமாடா?"

"பயப்படாதேம்மா," என்றான் அபிராம் அவசரமாக. "அங்கே எல்லாப் பாதுகாப்பும் இருக்கு. உடம்புக்கு ஒண்ணும் ஆகாது."

"இதையே எனக்காகச் சொல்லியிருந்தேள்னா, இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிச்சிருப்பேன்," என்று எழுந்தாள் கமலினி. "போயிட்டு வாங்கோ."