நல்ல முதுகு

புதுச் சட்டையைப் பின்பக்கம் பாதிவரை சுருட்டிவிட்டு, அவள் கட்டிலில் குப்புறப் படுத்தாள்.

முகம் வைக்கிற ஓட்டை வழியே தரையும் செருப்புகளும் மட்டும் தெரிந்தன. மாணவர்கள் கட்டிலைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். எல்லோரும் படித்து முடித்த பிசியோதெரபிஸ்டுகள். இறுகிய மூட்டைக் கையாலேயே தொட்டுக் கண்டுபிடித்து, அழுத்தி இளக்குகிற வித்தையைக் கற்றுக்கொள்ள வந்தவர்கள்.

அவளும் பிசியோதெரபிஸ்ட்தான். இந்த அறையில் மட்டும் முதுகு.

பெரியவரின் பழுப்புச் செருப்பு தலைமாட்டில் வந்து நின்றது. வகுப்பு அவருடையது. அவர் கை அவள் கழுத்தின் மேல் உட்கார்ந்தது.

பாடம் நடத்தணும்னா மொதல்ல நம்ம உடம்புல வாங்கிப் பழகணும்மா என்று சொல்லித்தான் அவளை முதல் தடவை படுக்க வைத்தார். அப்போது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. இப்போது மகள் பள்ளிக்கூடத்தை முடிக்கப் போகிறாள். ஒவ்வொரு பேட்ச் முடியும்போதும், அடுத்தது உனக்குத்தான் என்பார். அதை நம்பி, தேடி வந்த நல்ல வேலைகளைத் தட்டிக்கழித்தாள். முதுகுக்கு வேலை குடுத்துட்டாங்க, மூஞ்சிக்கு எப்பக் குடுப்பாங்க என்று கேலி பேசிப் பேசிக் கணவனே ஓய்ந்துபோனான்.

இன்று பெரியவர் ஓய்வு பெறுகிறார். இனி வகுப்பு யாருக்கு என்று சொல்லப் போகிறார். புதுச் சட்டை அதற்காகத்தான்.

"அடுத்த பேட்ச்லேர்ந்து நம்ம மாப்பிள்ளை எடுப்பார்" என்றார், கழுத்திலிருந்து கையை எடுக்காமலே. "இது மாதிரி நல்ல முதுகு எங்கயும் கெடைக்காது. நீங்களும் இதையே வெச்சு நடத்துங்க, மாப்ள."

எல்லோரும் கைதட்டினார்கள்.

எழுந்து உட்கார்ந்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாம் என்றால், கழுத்தில் அந்தக் கை.

நல்ல முதுகாம். இடுப்பில் ஒரு மூட்டு இறுகிக் கிடக்கிறது, பாடம் காட்ட வசதியாக. வேலைக்குச் சேர்ந்தபோது அது நன்றாகத்தான் இருந்தது. பேட்ச் பேட்சாக அமுக்கியே அதை இந்தக் கதிக்கு ஆளாக்கிவிட்டார்கள்.

பளபளக்கும் கறுப்பு ஷூ ஒன்று இடது பக்கம் வந்து நின்றது. மாப்பிள்ளை. போன வருடம்தான் பெரியவரின் மகளைக் கட்டினான். அவனும் இதே படிப்புதான் என்று கல்யாணத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார்கள்.

இனி அவன் செய்து காட்ட வேண்டும். கட்டைவிரலால் ஒவ்வொரு எலும்பாகத் தடவிக்கொண்டே வந்து, இறுகிய மூட்டு எது என்று சொல்ல வேண்டும். பாடமே அதுதான்.

வரட்டும், நன்றாக மாட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தாள்.

ஏனென்றால் பெரியவரின் விரலுக்கே அந்த மூட்டு தட்டுப்படாது. சர்க்கரை வியாதியில் அவர் விரல்கள் மரத்துப்போய் வருடக்கணக்காகிறது. ஒரு வகுப்பில் அவர் விரல் அந்த மூட்டைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, தடுமாறியது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. கட்டிலுக்கு வெளியே தொங்கிய வலது கையின் சுண்டுவிரலை லேசாகத் தூக்கினாள். அவர் விரல் சட்டென்று நின்றது.

அன்றிலிருந்து எல்லா வகுப்பிலும் அப்படித்தான். அவர் தடவுவார். இடம் வந்ததும் அவள் சுண்டுவிரலைத் தூக்குவாள். அவர் 'இங்கே' என்பார். மாணவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் மானத்தைக் காப்பாற்றுகிறோம், அவர் நம்மைக் கைவிட மாட்டார் என்று அவள் நம்பினாள். புத்தி கெட்டவள்.

மாப்பிள்ளையின் கட்டைவிரல் முதுகில் இறங்கியது. இறுகிய மூட்டின் மேலேயே ஏறி, ஒன்றும் தெரியாமல் கீழே போனது. மறுபடி மேலே வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

விரல் நின்றது. அழுத்தவும் இல்லை, நகரவும் இல்லை.

மாணவர்களில் யாரோ இருமினார்.

கறுப்பு ஷூ தலைமாட்டைச் சுற்றிக்கொண்டு மெல்ல வலது பக்கம் வந்தது. அவள் கை தொங்குகிற பக்கம். அவன் குனிந்தான். சென்ட் வாசனை மூக்கில் ஏறியது.

"அக்கா, விரலு" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், கொஞ்சம் எரிச்சலாக.

பெரியவர் தனக்குத் தெரிந்த வித்தையை ஒளிக்காமல் மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அவள் வலது கையை மெதுவாக உள்ளே இழுத்து, வயிற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.