செடிக்கு வந்த தொப்பை

மலைச்சரிவில் இருந்த அந்தப் பழங்காலத் தோட்டத்தில் செடிகளை முயல், குதிரை என்று உருவம் உருவமாகக் கத்தரித்து வைத்திருந்தார்கள். வேகாத வெயிலில் உச்சிக்கு ஏறி வந்த கணக்கு டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே நின்ற செடி, போன வருடம் இறந்துபோன அவருடைய கணவரை அப்படியே உரித்து வைத்திருந்தது. இடுப்பில் அதே கை. முன்னால் மட்டும் இவ்வளவு பெரிய தொப்பை.

"யாரைக் கேட்டு இப்படி வெட்டினீங்க?"

"நான் வெட்டலைம்மா," என்றார் தோட்டக்காரர். "எப்படி வெட்டினாலும் இப்படித்தான் வளருது."

"யார் காதுல பூ சுத்துறீங்க? எந்தப் போட்டோவுலயாவது அவருக்குத் தொப்பை இருக்கா? செத்த மனுஷன் மானத்தை வாங்குறீங்களே! இருங்க, இதைப் போட்டோ எடுத்து உங்க மேலதிகாரிக்கு அனுப்பறேன்."

டீச்சர் போனை உயர்த்தினார்.

காற்றே இல்லை. இலைகள் சலசலத்தன. செடி நிமிர்ந்து நின்று வயிற்றை எக்கிக்கொண்டது.