முப்பது வருடம் கூப்பிட்ட பெயர்

"கறுப்பன்னுதானே கண்டுக்காம எங்கேயோ மூலையில போட்டு வச்சிருக்கீங்க?"

தகீல் மேசையைத் தட்டிய தட்டில் பேனா உருண்டு கீழே விழுந்தது. பஸ்ரா மீன் சந்தையே அவன் குரலுக்கு அடங்கும். ஆஸ்பத்திரிப் பதிவு மேசைப் பெண்ணோ நிதானமாகக் குனிந்து பேனாவை எடுத்துக்கொண்டு, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள்.

காலையில் லாரி மோதிக் கொண்டுவரப்பட்ட ஆளை என்றான் தகீல். விஷயம் அவனுக்கே இப்போதுதான் தெரியுமாம். கேட்டதும் ரத்தம் கொடுக்க எட்டுப் பேரைத் திரட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறான். எட்டுப் பேரும் செதில் ஒட்டிய கைகளோடு பின்னால் நின்றார்கள்.

"பேரு சொல்லுங்கண்ணே."

"அடிமை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாங்க அப்படித்தாம்மா கூப்பிடுவோம். பிரியமாத்தான். அவனும் சிரிச்சுக்கிட்டே வருவான். ஒருநாள்கூட முகம் சுளிச்சதில்ல."

அந்த ஆளின் முப்பாட்டனை ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றி வந்து விற்ற காலம் மலையேறிவிட்டது. அந்தச் சொல் மட்டும் சந்தையிலேயே தங்கிவிட்டது.

"பதிவேட்டுல அப்படி யாரும் இல்ல. அவர் பேரு, அப்பா பேரு, தாத்தா பேரு வேணும்."

தகீல் திரும்பிப் பார்த்தான். எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

முப்பது வருடமாகத் தகீலின் கடையில் மீன் அறுப்பவன் அவன். கல்யாணம் இல்லை, குடும்பம் இல்லை. காலைச் சாப்பாடு இருவருக்கும் ஒரே தட்டில்தான். டீக்கு எத்தனை கரண்டி சர்க்கரை, எந்தக் கடைவாய்ப் பல்லில் வலி, எல்லாம் தகீலுக்கு அத்துப்படி. ஆனால் பெயர்?

போனை எடுத்தான். காலையிலிருந்தே இந்தப் போனோடு மல்லுக்கட்டுதான். மீன் ஏலம் போகிற நேரத்தில் வேறு யாரோ கூப்பிட்டு உயிரை வாங்கினார்கள்.

டீக்கடைக்காரனுக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கடைக்காரனுக்கும் தெரியவில்லை. "அடிமைதானே அவன் பேரு?" என்று ஐஸ்காரன் திருப்பிக் கேட்டபோது, தகீல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பினான்.

"தங்கச்சி, ஆளை அடையாளம் சொல்றேன். அம்பது வயசு இருக்கும். இடது கையில ரெண்டு விரல் கிடையாது. என் கடைக் கத்திதான் வெட்டுச்சு."

பேனா நின்றது. அவள் பதிவேட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"உங்க பேரு?"

"தகீல்."

"தகீல் மிஸ்ஹிர் ஷனாவாதானே?"

"என் தாத்தா பேரு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் பதிவேட்டை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். நோயாளியின் பெயர், முபாரக் சல்மான் ஃபரஜ். தகவல் சொல்ல வேண்டியவர், தகீல் மிஸ்ஹிர் ஷனாவா. உறவு, அண்ணன். பக்கத்தில் தகீலின் போன் நம்பர், ஒரு எண்கூடப் பிசகாமல்.

"நினைவு தப்புறதுக்கு முன்னாடி அவரே சொன்னது. அண்ணன் வந்துடுவார்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தார்."

"எங்கே இருக்கான்? வாங்கடா, முதல்ல ரத்தத்தை..."

"பகல் தொழுகைப் பாங்குக்குக் கொஞ்சம் முன்னாடி போயிட்டார்ண்ணே. அவர் வகை ரத்தம் கைவசம் இல்ல."

தகீல் மேசையைப் பிடித்துக்கொண்டான். "ஒரு போன் போட்டிருக்கலாமே பாவிங்களா?"

அவள் குரல் உயரவில்லை.

"ரெண்டு தடவை போட்டேன். முபாரக் சல்மானோட அண்ணனான்னு கேட்டேன். ஆஸ்பத்திரின்னு சொல்றதுக்குள்ள 'அப்படி யாரையும் எனக்குத் தெரியாது'ன்னு நீங்கதான் வச்சிட்டீங்க."