கோட்டை வாசலில் கொற்றன்

வீடியோ கேமில் எனக்குத் துணையாக வரும் கொற்றன், கோட்டை வாசலில் வாளைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். உள்ளே கடைசிச் சண்டை. எந்த பட்டனை அமுக்கினாலும் எழவில்லை.

“என் அக்கா எப்படிச் செத்தான்னு சொல்லு, வர்றேன்.”

அவன் வாயைத் திறந்தாலே ‘ஸ்கிப்’ அமுக்கிவிடுவேன். எனக்கு எப்படித் தெரியும்? சண்டை போட வந்தவன், கதை கேட்கவா வந்தேன்?

“காய்ச்சல்ல போனா. இவன் மருந்தோட வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு.” சமையலறையிலிருந்து என் மனைவி சுகந்தி. நான் அமுக்குவதற்குள் வரும் ஒன்றிரண்டு வார்த்தைகள் தினமும் அவள் காதில் விழுந்திருக்கின்றன.

“அதான் பதில் வந்துருச்சே, எந்திரிடா!”

கொற்றன் எழுந்தான். என்னைத் தாண்டி சமையலறையைப் பார்த்தான்.

“அக்கா, நீங்க வாங்க. உங்களோட வர்றேன்.”

சுகந்தி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“தள்ளுங்க” என்றாள்.